அரண்மனைத் தேறலும் பரதவர் முன்றிலும்



துறைமுகப் பட்டினமொன்றுக்கு வந்திறங்கும் வழிப்போக்கனுக்கு அவ்வூரில் என்ன உண்ணக் கிடைக்கும், என்ன பருகக் கிடைக்கும்? இந்தக் கேள்வியைச் சங்கப் புலவர்கள் எவ்வாறு நோக்கினார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையிலிருந்து இதைப் பேசுவது பொருத்தந்தான். ஆயினும், இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் படிப்பிக்கும் ஒருவர் வானொலியில் கள்ளைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று என் சக ஆசிரியர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். பத்துப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கள்ளின் மணம் வராமல் பக்கங்களைப் புரட்டுவது இயலாத காரியம்.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். நல்லூர் நத்தத்தனார் பாடியது. பரிசு பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி வழி காட்டுகிறான். வழியிலே எயிற்பட்டினம் வருகிறது. மரக்காணமே இப்பட்டினம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அந்தக் கரையிலே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் கிடக்கின்றன. எப்படிக் கிடக்கின்றன? உயர்ந்த ஒட்டகம் படுத்து உறங்குவதுபோல! தமிழ்ப் புலவர் ஒட்டகத்தை எங்கே கண்டார் என்று வியக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் எதைத்தான் காண முடியாது? அந்தக் கட்டைகளை விறகாக்கித் தீ மூட்டுகிறாள் நுளையர் குலப் பெண். அவள் அரித்தெடுத்த பழந்தேறலைப் பரதவர் கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். கூடவே உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருகிறார்கள். வாசனை விறகு, பழைய மது, சுட்ட கருவாடு. இதைவிடச் சிறந்த கடற்கரைச் சாப்பாட்டை இன்றைக்கும் எவரும் கற்பனை செய்துவிட முடியாது.

பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வலை வீசி வாழ்வோரின் குடியிருப்பில் மது எப்படி ஆக்கப்படுகிறது என்று செய்முறையையே சொல்லிவிடுகிறார். குற்றாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற தட்டிலே ஆறவிட்டு, முளைவிட்ட நெல்லின் மாவைச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வாய் வலிய சாடியிலே முதிரச் செய்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். முளைத்த தானியம் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும், சர்க்கரை நொதித்து மதுவாகும் என்ற விஞ்ஞானம் அந்த வீட்டுப் பெண்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருக்கிறது. வழிநடைக் களைப்பால் தளர்ந்தவனுக்கு இந்தப் பிழியும் சுட்ட மீனும் கிடைக்கும் என்கிறார் புலவர். அதே பாட்டிலே துறைமுகத்துப் பக்கம் போனால் வேறொரு காட்சி. கள் அடும் மகளிர் கலயம் கழுவிய நீர் வழிந்தோடிக் குழம்பாகிக் கிடக்கிறது. அந்தச் சேற்றிலே பன்றிகள் தம் குட்டிகளோடு புரளுகின்றன. நெல்மாவூட்டிக் குழியில் நிறுத்தி வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த இறைச்சியும், களிப்பு மிக்க கள்ளும் விருந்தாகின்றன. அழுக்கை மறைக்காமல் விருந்தைச் சொல்லும் இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்தமானது.

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் இந்தப் பகுதிகளைப் பற்றி ஒருமுறை பேசினேன். முடிந்ததும் மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், பாணர் சாப்பிட்ட இடம் வீடா, கடையா? காசு குடுத்தவங்களா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்குரிய கேள்வியல்ல அது.

விடை இரண்டு சொற்களிலே இருக்கிறது. ஆற்றுப்படைகளில் உணவைச் சொல்லுமிடமெல்லாம் 'பெறுகுவிர்' என்று முடியும். பெறுவீர்கள், அவ்வளவுதான். விலை பேச்சில்லை. நுளைச்சியும் உழவனும் இடைச்சியும் தத்தம் நிலத்தில் விளைந்ததைத் தத்தம் வீட்டு முன்றிலில் வைத்துத் தருகிறார்கள். ஆனால் அதே உருத்திரங்கண்ணனார் கரிகாலன் மீது பாடிய பட்டினப்பாலைக்கு வாருங்கள். அங்கே 'நொடை' என்ற சொல் வருகிறது. நொடை என்றால் விற்பனை, விலை. காவிரிப்பூம்பட்டினத்திலே மீனை வெட்டி, இறைச்சியை அறுத்துப் பொரிக்கிற ஓசை கேட்கும் முற்றம். மணல் குவித்து மலர் தூவிய வாயில். பலரும் நுழைகிறார்கள். மேலே கொடி பறக்கிறது. அது கள் விலைக்கு உண்டு என்று அறிவிக்கும் கொடி. விளம்பரப் பலகை என்று கொள்ளுங்களேன். சோற்றை விற்பது பழி என்று கருதிய சமூகமொன்றிலே, பெரிய துறைமுகம் வந்ததும் உணவுக்கு விலை வந்துவிட்டது. கப்பலில் வந்தவனுக்கு ஊரில் உறவு கிடையாது. அவனுக்குக் கடைதான் வீடு. துறைமுகத்தின் இயல்பு அது. நம்முடைய சாப்பாட்டுக் கடைகளின் முப்பாட்டனைத் தேடுவோர் அந்தக் கொடியின் கீழேதான் தேட வேண்டும்.

அந்தப் பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களிலே ஈழத்து உணவும் ஒன்று என்று பட்டினப்பாலை சொல்கிறது. என்ன உணவு என்று புலவர் சொல்லாமல் விட்டுவிட்டார். உரையாசிரியர்களும் நாமும் ஊகித்துக்கொண்டிருக்கிறோம். இதையொட்டி ஒரு சொல்லாராய்ச்சி. 'ஈழம்' என்ற சொல்லுக்குத் தமிழ் லெக்சிக்கன் தரும் பொருள்களிலே நம் நாட்டின் பெயரும் உண்டு, பொன்னும் உண்டு, கள்ளும் உண்டு. பல்லவர் செப்பேடுகளிலே 'ஈழம்பூட்சி' என்றொரு வரி வருகிறது. கள் இறக்குவோரிடம் வாங்கிய வரி அது. நாட்டின் பெயரோடு மரத்தின் சாறும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் சங்கடப்படுவார்கள். சொற்கள் நம்முடைய சங்கடத்தைக் கேட்டுப் பிறப்பதில்லை.

இனி, இந்த உரைக்கு நான் வைத்த தலைப்புக்கு வருகிறேன். புறநானூற்றின் ஐம்பத்தாறாம் பாட்டு நக்கீரர் பாடியது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் மகிழ்ந்திருப்பாயாக என்பது வாழ்த்து. வெறும் கவிக்கற்பனையல்ல இது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலே 1945 இல் மோட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் இருகைப்பிடி மதுச்சாடிகளின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. பின்னர் அவற்றை ஆராய்ந்தோர், கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணியில் அமைந்த சாடிகள் அங்கே மிகுதியாக இருந்தன என்று கண்டார்கள். கோஸ் துருக்கிக் கரையை ஒட்டிக் கிடக்கும் தீவு. அத்தீவின் மதுவிலே கடல்நீர் கலப்பது வழக்கம். உரோம அறிஞர் கேட்டோ அந்தச் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். உப்புக் கரித்த மதுவைத்தான் நம் அரசர்கள் பொற்கிண்ணத்தில் பருகினார்களோ என்னவோ!

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிக்கமேடும் மரக்காணமும் ஒரே கரையில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத இடங்கள். பாடல்களின் காலம் சற்று முன்பின்னாக இருக்கலாம். அரண்மனையிலே கடல் கடந்து வந்த மது, பொற்கலம். பரதவர் முன்றிலிலே அந்த ஊர்ப் பெண் அரித்த தேறல், சுட்ட மீன். அரசன் வெளிநாட்டு மதுவைக் குடிக்கிறான், பாணன் உள்ளூர் மதுவைக் குடிக்கிறான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலவர்கள் இரண்டையும் ஒரே மரியாதையோடு பாடினார்கள். இன்னும் சொன்னால், யவனர் தேறலுக்குக் கிடைத்த அடிகளைவிட நுளைச்சியின் தேறலுக்குக் கிடைத்த அடிகள்தாம் அதிகம். தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிப் பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆங்கில நூல், அவற்றைப் பாடித் திரிந்த பாணர்களின் வாழ்வோடு சேர்த்தே நோக்கியது. நடந்து திரிந்தவனுக்குத்தான் எந்த முன்றிலில் எது சுவைக்கும் என்பது தெரியும்.

இன்றைய திருமலைக்கு வருவோம். உட்துறைமுக வீதிப் பக்கமும் நகரின் மத்திய பகுதியிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளிலே பாரை மீன் குழம்பும் சொதியும் இடியப்பமும் கிடைக்கும். கணவாய்ப் பிரட்டலோடு பிட்டு கிடைக்கும். சைவக்கடையில் வாழையிலைச் சோறு. முஸ்லிம் கடைகளில் கொத்துரொட்டி தட்டுகிற தாளம் இரவு வெகுநேரம் கேட்கும். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிக்கொண்டு போவார்கள் வெளியூரார். தம்பலகாமத்து நெல்லும் கொட்டியாரக்குடா மீனும் ஒரே தட்டில் சேருகிற ஊர் இது. பிரிட்டிஷ் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துப் போகும்வரை பல தேசத்து மாலுமிகள் இந்தத் தெருக்களில் பசியாறியிருக்கிறார்கள். உணவிலே நமக்குக் குறையொன்றுமில்லை.

பானம் என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரையிலுள்ள பெரிய ஹோட்டல்களின் பட்டியலிலே சிலி நாட்டு வைன் இருக்கும், அவுஸ்திரேலிய வைன் இருக்கும். பின்னால் நிற்கிற பனையிலும் தென்னையிலும் காலையில் இறக்கிய கள் அந்தப் பட்டியலில் இருப்பது அரிது. அது வேறோர் இடத்துக்கு உரியது. தவறணைக்கு. அந்தச் சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போனது என்பர். பெயரைக் கேட்டதுமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். தகரக் கூரை, மணல் தரை, நெளிந்த பேணி. அந்தக் காலத்திலே பனையோலைப் பிளா. பைற்றுக்குச் சுட்ட கருவாடு அல்லது உறைப்பான மீன் கறி. சிறுபாணாற்றுப்படையின் உணவுப் பட்டியல் இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் வரி பிசகாமல் அங்கே இருக்கிறது. அதைப் பாடியவர்களுக்குக் கிடைத்த மரியாதைதான் அங்கே உள்ளவர்களுக்கு இல்லை.

கப்பலில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தபோது துருக்கியின் பொஸ்ஜாடா தீவைப் பற்றிச் சொன்னான். டார்டனெல்ஸ் நீரிணையின் வாயிலிலே, பழைய ட்ரோய் நகரிருந்த இடத்துக்கு அருகே உள்ள சிறு தீவு. கிரேக்கர் அதை டெனெடொஸ் என்றார்கள். அதன் பண்டைய நாணயத்திலேயே திராட்சைக் குலை பொறித்திருக்கிறது. அங்கே சாப்பாட்டுக் கடையில் அமர்ந்தால், அந்தத் தீவின் மீனையும், அந்தத் தீவுத் திராட்சையில் வடித்த வைனையும் ஒரே மேசையில் வைக்கிறார்களாம். எந்தக் கொடியின் பழம், எந்தத் தோட்டம் என்று பரிமாறுகிறவன் பெருமையோடு சொல்வானாம். துருக்கியில் இஸ்லாமியரே பெரும்பான்மையினர். 2013 இல் வந்த சட்டம் மது விளம்பரத்தையே தடை செய்தது. அங்கும் மதுவைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தோட்டக்காரனை யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை என்றான் அவன். துருக்கியரின் 'ரக்கி'யும் நம்முடைய சாராயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அரக்'கும் வியர்வையைக் குறிக்கும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள் என்பதை அவனுக்கு நான் சொன்னேன். வடிகலத்தில் முத்து முத்தாகத் துளிர்ப்பது வியர்வைதானே!

திராட்சை மதுவுக்கும் நமது கள்ளுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. திராட்சை மது சாடியிலே இருக்கும், கடல் கடக்கும், வயது ஏற ஏற விலையும் ஏறும். கள் அப்படியல்ல. பாளையிலிருந்து சொட்டும்போது இனிப்பான பதநீர். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராகவே நிற்கும், காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் காற்றிலும் முட்டியிலுமுள்ள நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்திலே நூற்றுக்கு 4 வீதமளவு மதுசாரம். அடுத்த நாள் புளிப்பு. அதன்பின் வினாகிரி. ஆகவே கள்ளைப் போல உள்ளூர்த்தன்மையான மது உலகில் அரிது. மரத்தின் கீழ் வந்து குடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. போத்தலில் அடைத்து விற்கும் முறை பின்னால் வந்தது. அது கள்ளின் படமே தவிரக் கள் அல்ல என்று பழகிய நாக்குகள் சொல்லும்.

இதற்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். காலையும் மாலையும் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறுகிறான். பாளையை இடுக்கி, தட்டி, நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவுகிறான். கை சற்றுக் கனத்துவிட்டால் பாளை பழுதாகும். கால் சறுக்கினால் உயிர் போகும். ஆண்டு முழுவதும் அவனுக்கு இந்த வேலை இல்லை. பாளை வரும் மாதங்களில் மட்டுந்தான். போர்க்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் எண்ணில்லாமல் தறிக்கப்பட்டன. எஞ்சிய மரங்களில் ஏற அவனுடைய மகன் விரும்பவில்லை. விரும்ப வேண்டுமென்று சொல்லும் தகுதி நமக்கு உண்டா? அவன் இறக்கியதைக் குடித்துவிட்டு அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இது. சாதியின் பெயரால் நிறுத்தினோம். நுளைச்சி தந்த தேறலைப் பாணன் அவள் முற்றத்திலே இருந்து வாங்கிக் குடித்த இலக்கியத்தை நெஞ்சிலே சுமந்துகொண்டே நிறுத்தினோம்.

"வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறாரே" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். குடித்தவனைப் பார்த்து நாணம் என்ற நல்லாள் புறமுதுகு காட்டுவாள் என்ற கருத்தெல்லாம் அதில் உண்டு. கசிப்பு காய்ச்சும் குடியிருப்புகளிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் முகத்தை அன்றாடம் பார்க்கிறவன் நான். வள்ளுவரை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் வள்ளுவர் குடிப்பதைக் கண்டித்தாரே ஒழிய, மரமேறியைக் கண்டிக்கவில்லை. நாமோ இரண்டையும் குழப்பிக்கொண்டு குடிப்பவனை மன்னித்தோம், இறக்கியவனைத் தண்டித்தோம்.

மணிமேகலையிலே ஓர் இடம் இதைவிட நுட்பமானது. ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். அவர்களுடைய தலைவன் அவனுக்கு ஓர் இளம்பெண்ணும் வெங்கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். அது அவர்களறிந்த விருந்தோம்பல். சாதுவன் வேண்டாம் என்கிறான். பெண்ணும் உண்டியும் இல்லாமல் வாழ்ந்து என்ன பயன் என்று சினந்து கேட்கிறான் தலைவன். சாதுவன் அவனை இகழவில்லை. அவர்களுடைய மொழியிலேயே பொறுமையாக விளக்குகிறான். கள்ளை மறுத்தவன் கள் தந்தவனை அவமதிக்காத காட்சி அது. நம்முடைய மதுவிலக்குப் பிரசாரங்களில் நான் மிக அரிதாகவே கண்ட பண்பு.

சட்டமும் இந்த இடத்திலே சற்று வேடிக்கையானது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டந்தான் கள் இறக்குவதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. 1979 இல் வந்த அறிவித்தலொன்று தவறணையில் பெண்ணுக்கு மது விற்பதையும், அங்கே பெண்ணை வேலைக்கு வைப்பதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தை நீக்கச் செய்தார். பெண்கள் குடிக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கள் அட்டவளும், தேறல் அரித்தவளும், பொற்கலத்தில் ஏந்தியவளும் பெண்ணென்று பாடிய இலக்கியத்தை, அந்த நாட்களில் பண்பாட்டின் பெயரால் பேசியவர்கள் ஒருவரும் நினைவுகூரவில்லை. தமிழாசிரியனுக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

தமிழ் மன்றத்து மாணவனுக்கு அன்று நான் இன்னொரு பாட்டையும் சொன்னேன். அதியமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது. புறநானூற்றில் 235 ஆவது. கள் சிறிதளவே கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, எங்களோடு சேர்ந்து தானும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி, அவன் மார்பில் பாய்ந்த வேல் எங்கெங்கே துளைத்தது என்று எண்ணி எண்ணி அழுகிறாள். பெண்ணொருத்தியின் கையறுநிலைப் பாட்டு. அரசனைப் பற்றி அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவன் கள்ளைப் பங்கிட்ட விதம். இதைக் கேட்டதும் அந்தப் பையன் எதுவும் பேசாமல் அமர்ந்திருந்தான். பிறகு என்னிடம் வந்து, தன்னுடைய அப்பப்பா சாம்பல்தீவுப் பக்கம் மரமேறினவர் என்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலிலே சொன்னான். அப்பப்பாவின் பாளைக்கத்தி இன்னும் வீட்டிலே இருக்கிறதாம். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து காட்டி, பாளை சீவும் முறையைப் பற்றிப் பேசுமாறு கேட்டேன். கொண்டுவந்தான், இருபது நிமிடம் பேசினான்.